பெறுபேற்றின்படி பணம்

ஒரு சிறு பாடசாலையிலே பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கின்றார்கள் என்பதை அளந்தறிவது எங்ஙனம்? அளந்தறிந்த பின்னர் அவ்வளவைக் கொண்டு யாது செய்வது? இவை இரு வேறு வினாக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கல்வியை நடத்தியோர் இவ்விரண்டையும் ஒரே முடிச்சாக முடிந்துவிட்டனர். அம்முடிச்சு முற்றாக அவிழ முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அதற்கிடையில் அது கடல் கடந்து இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

1833 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டிடங்களுக்கென 20,000 பவுண் ஒதுக்கியது. அரசாங்கம் ஆரம்பக் கல்விக்குக் கொடுத்த முதற் பணம் அதுவே. முப்பது ஆண்டுகளுக்குள் அச்செலவு ஆண்டொன்றுக்கு 8 இலட்சம் பவுணைத் தாண்டி வளர்ந்தது. இவ்வளவு பணத்துக்கும் கிடைத்த பலன் என்ன என்று கேட்போர் பெருகினர். 1858 இல் நியூகாசில் கோமகன் தலைமையில் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1861 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவர் சிலரைக் கவனித்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளைக் கைவிடுகின்றனர் என்பது அதன் முறைப்பாடுகளில் ஒன்று. அம்முறைப்பாட்டில் உண்மை இருந்தது. அதனை மறந்துவிட்டு, பின்னர் வந்ததை வெறுங் கொடுமை என்று மாத்திரம் பேசுதல் நியாயமாகாது.

அக்காலத்திற் கல்விப் பொறுப்பை ஏற்றிருந்தவர் றொபேட் லோ என்பவர். அவர் கொணர்ந்த திருத்திய கல்விக்கோவை 1862 இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்பாடு மலிவாக அமையாவிடிற் பயனுள்ளதாக அமையும், பயனில்லாவிடின் மலிவாகவாவது அமையும் என்று அவர் பொதுமக்கள் சபையில் உறுதி கூறினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வரவின்பேரில் 4 சிலிங். பரிசோதகர் முன்னிலையிற் சித்தியெய்தினால் மேலும் 8 சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் ஒன்றிலே தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். காலை ஒன்று, பிற்பகல் ஒன்று எனக் கணக்கிட்டு 200 அமர்வுகளுக்கு மேல் வராத பிள்ளை சோதனைக்கு உரியதன்று. ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான சிறு கதையை வாசிக்கவும், இருபது வரையுள்ள இலக்கங்களைக் கற்பலகையில் எழுதவும் வேண்டும். ஆறாந் தரத்துப் பிள்ளை செய்தித்தாளின் ஒரு பந்தியை வாசிக்கவும் எழுதவும் வேண்டும். ஒரு தரத்தில் ஒருமுறை தோற்றிய பிள்ளை மறுமுறை அதே தரத்திலோ அதனிற் கீழான தரத்திலோ தோற்ற முடியாது. பிள்ளை ஏறினாலும் ஏறாவிட்டாலும் படி ஏறிக்கொண்டேயிருந்தது.

இனி, கிராமமொன்றிலே 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையை எண்ணிப் பார்க்கலாம். அனைவரும் ஒழுங்காக வந்து அனைத்திலும் சித்தியெய்தினாற் கிடைப்பது 24 பவுண். பத்துப் பிள்ளைகள் கணக்கிலே தவறினால் 1 பவுண் 6 சிலிங் 8 பென்ஸ் போய்விடும். சோதனை நாளன்று ஐந்து பிள்ளைகள் காய்ச்சலிற் படுத்துவிட்டால், அல்லது அறுவடை வயலில் நின்றுவிட்டால், 2 பவுண் போய்விடும். நானூறு பிள்ளைகள் படிக்கும் நகரப் பாடசாலைக்கு இஃது ஒரு பொருட்டன்று. சிறு பாடசாலைக்கோ இது விறகுக்கும் புத்தகத்துக்கும் ஆசிரியர் வேதனத்துக்கும் உரிய பணம். முன்னர் ஆசிரியருக்கு அரசாங்கம் நேரே கொடுத்து வந்த பணம் நிறுத்தப்பட்டு, நன்கொடை முழுவதும் முகாமையாளர் கையிற் சேர்ந்தமையால், பல இடங்களில் ஆசிரியரின் வேதனத்தில் ஒரு பங்கு அந்நன்கொடையையே பொறுத்திருந்தது. இன்னும் சில சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு இக்கவலைகூட இல்லை. சான்றிதழ் பெற்ற ஆசிரியரை வைத்திருக்க வசதியற்றவையாகையால் அவை நன்கொடைக்கே அருகதையற்றுப் போயின.

இக்கோவையே தலைமையாசிரியர்கள் நாட்குறிப்பேடு ஒன்று வைத்திருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. அவ்வாறு எழுதப்பட்ட ஏடுகள் ஏராளமாக எஞ்சியுள்ளன. மழை, அம்மை, உருளைக்கிழங்கு கிண்டும் பருவம், காலணியின்மை, வரவுக் குறைவு என்பனவே அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் செய்திகள். பிள்ளைகளின் அறிவைப் பற்றி அவை சொல்வதைவிட அவர்களின் வறுமையைப் பற்றிச் சொல்வது அதிகம்.

சோதனை நாள் ஆண்டுக்கொருமுறை வந்தது. நோயுற்ற பிள்ளைகளையும் போர்வையிற் சுற்றிக் கொணர்ந்து பரிசோதகர் முன் நிறுத்தியமைக்குச் சான்றுகள் உள. வாசிப்புப் புத்தகம் ஒன்றே ஆகையால், அதனை முதலிலிருந்து முடிவு வரை மனனம் செய்வித்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடையின்றி வாசித்த பிள்ளைகளின் கதை அந்நாளிற் பரவலாக வழங்கியது. பூமிசாத்திரமும் சரித்திரமும் பணம் பெற்றுத் தராமையாற் பல பாடசாலைகளில் ஒதுக்கப்பட்டன. இவற்றைக் காப்பதற்காக 1867 இல் வேறு நன்கொடை ஏற்படுத்த நேர்ந்தது. நோயை ஆக்கிய மருந்தையே மீண்டும் கொடுத்தாற் போல, அவற்றுக்கும் விலை குறிக்கப்பட்டது. அரசாங்கம் கருதிய சிக்கனம் மாத்திரம் கைகூடியது. சில ஆண்டுகளுக்குள் நன்கொடை ஏறத்தாழ 8 இலட்சத்து 13 ஆயிரம் பவுணிலிருந்து 6 இலட்சத்து 37 ஆயிரமாகக் குறைந்தது.

இதனை உள்ளிருந்தே எதிர்த்தவர் மத்தியூ ஆனல்ட். கவிஞராக உலகம் அறிந்த அவர், 1851 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடசாலைப் பரிசோதகராகவே ஊதியம் பெற்றவர். பிள்ளைகள் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ உண்மையில் அறியாமலே அம்மூன்றிலும் சித்தியெய்த வைக்கும் வித்தையை ஆசிரியர்கள் கற்றுக்கொண்டனர் என்பதும், அவ்வாறு கற்றுக்கொள்ளுமாறு அவர்களை நிர்ப்பந்தித்தது முறையேயன்றி அவர்களின் கெடுமதியன்று என்பதும் அவருடைய அறிக்கைகளின் சாரம்.

இங்கிலாந்தில் இத்தனை கண்டனம் எழுந்திருக்கும்போதே முறை இலங்கைக்கு வந்தது. 1865 இற் சட்டநிரூபண சபை கல்விநிலையை ஆராய றிச்சட் மோர்கன் தலைமையில் ஓர் உபகுழுவை நியமித்தது. அதன் அறிக்கை 1867 இல் வெளிவர, 1869 இற் பொதுப்போதனைப் பகுதி நிறுவப்பட்டது. அதனை அடுத்து 1870 அளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. சமயபோதனையைப் பற்றி வினாவாது உலகியற் பாடங்களின் பெறுபேற்றை மாத்திரம் நோக்கியமையால், பாடசாலை நடத்த வல்லாருக்கு அது வாய்ப்பாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனாற் சிற்றூர்ச் சுயபாஷைப் பாடசாலையின் நிலை இங்கிலாந்துச் சிற்றூரின் நிலையே. வித்தியாதரிசியின் வருகை ஆண்டின் உச்சநாளாயிற்று.

மனனம் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் நிகண்டும் எண்சுவடியும் நெட்டுருவாகவே வந்தன. எனினும் அங்கே நெட்டுருச் செய்தது வாழ்நாள் முழுவதும் கையிலிருக்கும் பொருட்டு. முதுமையிலும் நிகண்டுச் சூத்திரத்தை ஒப்புவித்த பெரியோர் இருந்தனர். வித்தியாதரிசிக்காக நெட்டுருச் செய்தது அவர் வண்டி படலையைக் கடக்கும்வரை இருந்தாற் போதுமானது. இவ்விரண்டும் ஒரே பெயரால் வழங்கப்படுதல் விசித்திரமே.

இங்கிலாந்தில் 1890 ஆம் ஆண்டுக் கோவை இம்முறையின் பெரும்பகுதியை நீக்கியது. எஞ்சியதும் 1897 இன் முன்பின்னாக மறைந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அது 1905 வரை நீடித்தது. எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர் அம்முறை உச்சத்திலிருந்த காலத்திற் பரிசோதகராகச் சேர்ந்து, பின்னர் ஆரம்பப் பாடசாலைகளின் பிரதம பரிசோதகராக உயர்ந்தவர். ஓய்வுபெற்றபின் 1911 இல் அவர் வெளியிட்ட நூல் அம்முறையைக் கடுமையாகச் சாடியது. ஆண்டுதோறும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் பெயருக்கெதிரே குறியிட்டுச் சிலிங்குக் கணக்குப் பார்த்த கைகளுள் அவருடையதும் ஒன்று. பணம் கொடுக்கும் வழக்கம் ஒழிந்த பின்னரும், பரிசோதகருக்காகவே கற்பிக்கும் பழக்கம் ஆசிரியர்களை விட்டு நீங்கவில்லை என்பதே அவருடைய பெருங்குறை.