நகரும் மேடை விளக்கு

நகரும் மேடை விளக்கு, யாரும் ஏணியில் ஏறித் தொடாமலே திரும்பி, சாய்ந்து, நிறம் மாறும் மோட்டார் விளக்கு. மேடை ஒளியமைப்பாளர்கள் இதை மூவிங் ஹெட் என்பர். விளக்கைத் தொலைவிலிருந்து திருப்பும் ஆசை பழையது. கான்சாஸ் சிட்டியின் எட்மண்ட் சோல்பெர்க் 1906இலேயே கயிறுகளால் இயங்கும் விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் மோட்டாரும் வந்துவிட்டது. ஆனால் பல விளக்குகளை ஒரே நேரத்தில், குறித்த இடங்களுக்குப் பிசகாமல் திரும்ப வைக்க, நிலைகளை நினைவில் வைக்கும் மலிவான கணினிச் சில்லு தேவைப்பட்டது.

அது கைகூடியது டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில். 1980இல் அங்கிருந்த ஷோகோ நிறுவனத்தில் ஜிம் போர்ன்ஹோர்ஸ்ட் குழுவினர் உருவாக்க முனைந்தது நிறம் மாறும் விளக்கை மட்டுமே. வேண்டாத நிறத்தை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் டைக்ரோயிக் கண்ணாடி வடிகட்டிகளை மோட்டாரால் சுழற்றினர். இன்னும் இரண்டு மோட்டார் சேர்த்தால் விளக்கே நகருமே என்ற எண்ணம் அதன் பிறகே எழுந்தது. வேரி-லைட் எனப் பெயர் பெற்ற அவ்விளக்கு 1981 செப்டம்பரில் பார்சிலோனாவில் ஜெனசிஸ் இசைக்குழுவின் மேடையேறியது. 1989இல் அதே மாநிலத்தின் ஆஸ்டினிலிருந்து வந்த இன்டெல்லாபீமில் விளக்கு அசையாது. முன்னிருந்து ஒளியை எதிரொளிக்கும் கண்ணாடி மட்டும் திரும்பும். கண்ணாடி இலேசானதால் வேகம் அதிகம், ஒளி எட்டும் பரப்புதான் குறைவு.

தலை நகரும் வகையில் மூன்று பகுதிகள் உண்டு: அடித்தளம், அதன்மேல் பக்கவாட்டில் சுழலும் கவை, கவையின் இரு கைகளுக்கிடையே மேலும் கீழும் சாயும் தலை. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். பரவலாகப் பயன்படும் வகை, ஒரு சுற்றை 200 படிகளாக, படிக்கு 1.8 பாகையாக எடுத்துவைக்கும். பற்கள் கொண்ட வார்ப்பட்டை மோட்டாரின் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். பட்டை தளர்ந்தால் ஒளிக்கற்றை நின்ற இடத்திலேயே நடுங்கும். மின்சாரம் வந்ததும் தலை ஒருமுறை சுழன்று, உணரியின் உதவியால் தன் தொடக்கப் புள்ளியைக் கண்டுகொள்ளும். யாராவது இடித்து நகர்த்திவிட்டாலும், அச்சிலுள்ள என்கோடர் பிசகை அறிந்து பழைய இடத்துக்கே கொண்டுவரும்.

கட்டளைகளைச் சுமப்பது 1986இல் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ்512 நெறிமுறை. அதன் ஒரு வாய்க்காலில் 256 மதிப்புகளே உண்டு. கவையின் 540 பாகைச் சுழற்சியை இத்தனை பகுதிகளாகப் பிரித்தால் ஒரு படி 2 பாகைக்கும் மேல். பத்து மீட்டர் தொலைவில் ஒளி 37 சென்டிமீட்டர் தாவும், பாடகர் முகம் இருளில் விழும். அதனால் இரண்டு வாய்க்கால்களை இணைத்து 65,536 படிகளாக்குகின்றனர்.

540 பாகை என்ற எல்லைக்குக் காரணம் தலைக்குச் செல்லும் கம்பிகள்: அதற்கு மேல் சுற்றினால் முறுக்கிக்கொள்ளும். சுழன்றாலும் மின்தொடர்பு அறாத நழுவு வளையம் பொருத்திய புதிய விளக்குகளுக்கு அந்தத் தடை இல்லை.