அமெரிக்க நாட்டிற் கணிதச் சமூகவியலின் வளர்ச்சி

அமெரிக்க நாட்டிற் கணிதச் சமூகவியலுக்குக் கால்கோள் செய்தோருட் பலர் பிற துறைகளினின்று வந்தவரே. சிகாகோவில் உயிரியலைக் கணித நெறியால் ஆராய்ந்த இராசெவ்சுகி, 1947-இல் மனித உறவுகளின் கணிதக் கோட்பாட்டை நூலாக்கினார். வியன்னாவிற் கணிதம் பயின்ற இலாசர்சுபெல்டு, 1954-இல் சமூக அறிவியல்களிற் கணிதச் சிந்தனை பற்றிய தொகுதியைப் பதிப்பித்தார். அவர்தம் மாணாக்கரும், முன்னர் வேதிப்பொறியியல் கற்றவருமாகிய கோல்மன் 1964-இல் இத்துறைக்கு அறிமுக நூல் யாத்தார். 1971-இல் தனி ஆய்விதழும் தோன்றிற்று.

புள்ளியியலும் இதுவும் ஒன்றே என்பாரும் உளர். அது பொருந்தாது. இயற்பியலறிஞராயிருந்த ஆரிசன் ஒயிட், 1963-இல் வெளிவந்த தம் நூலில், அம்மான் மகளை மணத்தல் முதலிய மணமுறைகளை இயற்கணிதத்தால் விளக்கினார். ஆண்டு ஆராயப்பட்டது மணங்களின் தொகையன்று, மணவிதியின் அமைப்பே. ஆதலின், இத்துறையின் உயிர்நிலை எண்ணுதலில் அன்று, உறவின் அமைப்பைத் தெளிவித்தலிலேயே உளது எனத் துணியலாம்.