பைத்தான் கூப்பிடும் ஃபோர்ட்ரான்

பைத்தான்ல ஒரு சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்க, நம்பையில் ஒரே வரி போதும். ஆனா கணக்கைப் போடுறது பைத்தான் இல்லை. உள்ளே 'டிஜிஈஎஸ்வி'ன்னு ஒரு ரொட்டீனைக் கூப்பிடுது. ஏன் இப்படி வாயில் நுழையாத பேர்? ஃபோர்ட்ரான் 77-ல் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துதான் அனுமதி. டி-ன்னா டபுள் பிரசிஷன், ஜிஈ-ன்னா ஜெனரல் மேட்ரிக்ஸ், எஸ்வி-ன்னா சால்வ்.

ஃபோர்ட்ரானை 1957-ல் வெளியிட்டது ஐபிஎம். உருவாக்கியது ஜான் பேக்கஸ் குழு. 1979-ல் லின்பேக், 1992-ல் லேபேக்னு கணித நூலகங்கள் அந்த மொழியில் வளர்ந்தன. பைத்தானுக்கு 1995-ல் ஜிம் ஹுகுனின் 'நியூமெரிக்' எழுதினார். 2006-ல் டிராவிஸ் ஒலிஃபன்டின் நம்பை 1.0 வந்தது. பல வருஷம் சோதிச்சுத் தேறின கணக்கை யாரும் மறுபடி கண்டுபிடிக்கலை, கூப்பிட்டுக்கிட்டாங்க. இன்னிக்கு அந்தப் பேருக்குப் பின்னால் சி மொழியோ அசெம்பிளியோகூட இருக்கலாம். ஆனா கூப்பிடும் முறை ஃபோர்ட்ரான் வகுத்ததுதான்.

அந்த முறை எனக்கு ஒரு பாடம் எடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதுசில், சி-யிலிருந்து டிஜிஈஎஸ்வியைக் கூப்பிட்டேன். முதல்ல லிங்க் ஆகலை. பல ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடு சேர்க்கும். அடுத்து, புரோகிராம் கிராஷ் ஆனது. ஃபோர்ட்ரான் எதிர்பார்ப்பது மாறியின் முகவரியை. நான் எண்ணையே கொடுத்திருந்தேன். இந்த ரெண்டு தப்பும் தானாகவே காட்டிக்கொடுத்தன.

மூணாவது காட்டிக்கொடுக்கலை. சி மேட்ரிக்ஸை வரிசை வரிசையாகச் சேமிக்கும். ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாக. நான் சோதிச்சது சமச்சீர் மேட்ரிக்ஸ். வரிசையையும் பத்தியையும் மாத்தினாலும் அது அதேதானே? டெஸ்ட் பாஸ். உண்மையான டேட்டாவில் வந்த விடை அத்தனையும் தப்பு. எர்ரர் எதுவும் இல்லை, எண்களும் நம்பும்படியாகவே இருந்தன. நண்பர் ஒருத்தர் விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தப்பதான் குட்டு உடைஞ்சது. அதுக்குள்ள அறிக்கை போயாச்சு. தலைகுனிஞ்சு திரும்ப வாங்கினேன்.

ஃபோர்ட்ரான் 2003 தரநிலை சி-யோடு முறையான ஒப்பந்தம் போட்டது. பெயர், முகவரி சிக்கல்கள் அதில் தீரும். வரிசை-பத்தி சிக்கலுக்கு இன்னும் நாமதான் பொறுப்பு. அதனால இப்பல்லாம் சமச்சீர் இல்லாத மேட்ரிக்ஸை வைத்துத்தான் சோதிக்கிறேன். விடையையும் ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்க.