தோலிலிருந்து பட்டியலுக்கு: தமிழகக் குளிர்காலப் பறவைப் பதிவுகளின் சான்றுநிலை வரலாறு

திறவுச்சொற்கள்: வலசை, பறவைப் பதிவு, வேடந்தாங்கல், ஊர்ப்பெயர், கணக்கெடுப்பு, இன்மைச் சான்று

முன்னுரை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தைத் திங்கள்களில் தமிழக நீர்நிலைகளில் இருவகைப் பறவைக் கூட்டங்கள் ஒருங்கே காணப்படுகின்றன. ஒரு வகையின, வடபுலத்திலிருந்து வலசை வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, பல்வேறு உள்ளான்கள் முதலியன. மற்றொரு வகையின, இத்துணைக் கண்டத்திலேயே வாழ்ந்து, நீர்வளம் நாடி இடம்பெயர்ந்து, இப்பருவத்தில் இங்குக் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் போல்வன. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘வெளிநாட்டுப் பறவைகள் வருகை’ என எழுதும் வழக்கம் நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்டது. இதனை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்க இயலாது. ஒரு பறவை வந்து செல்வதா, இங்கேயே இருப்பதா என்பதை அறிய, ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் நாளிட்டு எழுதப்பட்ட குறிப்புகள் வேண்டும். அத்தகைய குறிப்புகள் எப்போது, எவரால், எந்த நோக்கில் எழுதப்பட்டன? அவற்றுள் எது சான்றாக ஏற்கப்பட்டது? இக்கட்டுரை இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் அணுகுகிறது.

பாடலும் கவுலும்

பறவைகள் பருவந்தோறும் திசைமாறிச் செல்வதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். செங்கால் நாரையைத் தூதாக்கிய சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல், அப்பறவை தெற்கே குமரிவரை சென்று வடக்கே மீளும் என்னும் அறிவை அடிப்படையாகக் கொண்டது. சங்கப் பாடல்களின் பறவைகளை இனங்கண்டு பி. எல். சாமி எழுதிய ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலும் இத்தகைய அறிவின் பரப்பை உணர்த்துகிறது. எனினும் இலக்கியக் குறிப்பை நாளும் எண்ணிக்கையும் கொண்ட பதிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. பறவை இன்னது, அதன் இயல்பு இன்னது என்பதைப் பாடல் சொல்லும். எந்த ஆண்டில் எத்தனை வந்தன என்று சொல்லுதல் அதன் வேலையன்று.

ஊரார் அறிவு நிருவாக ஆவணத்தில் இடம்பெற்றதற்கு வேடந்தாங்கல் முதன்மையான எடுத்துக்காட்டு. ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்மக்கள் வேண்டியதன் பேரில், செங்கற்பட்டுப் பகுதியின் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு 1798இல் அவர்களுக்குக் கவுல் அளித்ததாகக் கூறப்படுகிறது. 1858இல் அவ்வுரிமை உறுதிசெய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதே ஊராரின் காரணம். உழவுக் கணக்கிலிருந்து பிறந்த இக்காரணத்தைப் பிற்காலப் பாதுகாப்பு எழுத்துகள் பெரும்பாலும் பத்தியுணர்வாகவோ இரக்கவுணர்வாகவோ மாற்றிக் காட்டுவது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. பறவை எப்போது வரும், எவ்வளவு நாள் தங்கும், எதனால் பயன் என்பவற்றை ஆண்டுதோறும் கண்டறிந்தவர்களின் வேண்டுகோள் அது.

துப்பாக்கியின் சான்று

19ஆம் நூற்றாண்டுப் பறவையியலில் கண்டது சான்றாகாது. கையில் உள்ளதே சான்று. பறவையைச் சுட்டு, தோலுரித்துப் பதப்படுத்தி, இடமும் நாளும் எழுதிய சீட்டைக் காலில் கட்டிய மாதிரியே அறிவியலின் ஆவணமாயிற்று. சென்னை மாகாணத்தில் படை மருத்துவராயிருந்த தாமசு ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ‘இந்தியப் பறவைகள்’ என்னும் ஆங்கில நூலில், பல இனங்களுக்குத் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பெயர்களையும் தந்துள்ளார். அப்பெயர்களைச் சொன்ன வேட்டைக்காரரும் வலைஞரும் யார் என்பதை நூல் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல் பதிவாயிற்று, சொன்னவர் பதிவாகவில்லை.

1872இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இம்முறையைப் பெருந்தொடர்பு வலையாக விரித்தார். பின்னாளில் இந்தியத் தேசியக் காங்கிரசின் தோற்றத்தோடு பெயர் இணைந்த இவ்வதிகாரிக்குத் துணைக்கண்டம் எங்குமிருந்து அலுவலர்கள் தோல்களையும் முட்டைகளையும் குறிப்புகளையும் அனுப்பினர். 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அவர் அளித்த தொகுப்பு ஏறத்தாழ 82,000 மாதிரிகளைக் கொண்டது. குளிர்கால வாத்துகள் பற்றிய செய்திகளைத் தருவதில் வேட்டையாடுவோர் முன்னின்றனர். மார்ஷலுடன் இணைந்து ஹியூம் எழுதிய வேட்டைப் பறவைகள் நூல் இத்தகைய செய்திகளால் வளம்பெற்றது.

இத்தொகுப்புகளின் பயன் பெரிது. இன்றும் இனங்காணலின் அடித்தளம் அவையே. ஆயினும் அவற்றைக் கொண்டு ‘அக்காலத்தில் இவ்வளவு பறவைகள் இருந்தன’ என்று கணிப்பது இடர்ப்பாடானது. அரியதைத் தேடிச் சுட்டவர், பொதுவாகக் காணப்படுவதை விட்டுவிடுவார். கிடைத்ததை எழுதியவர், தேடியும் கிடைக்காததை எழுதமாட்டார்.

சொல்லின் சான்று

சுடாமல் எண்ணுவதும் சான்றாகலாம் என்னும் கருத்து வலுப்பெற்றதில் 1900ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று அணிபிரிந்து விலங்குகளையும் பறவைகளையும் சுட்டுக் குவிக்கும் போட்டி வழக்கத்துக்கு மாற்றாக, அதே நாளில் பறவைகளை எண்ணுமாறு ‘பேர்ட்-லோர்’ இதழாசிரியர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். முதலாண்டில் 27 பேர் கலந்துகொண்டனர். அங்கே டிசம்பர் பனிக்காலம். தமிழகத்திலோ அது ஏரி நிறைந்த காலம். ஒரே குளிர்காலக் கணக்கெடுப்பு அங்கே பனியைத் தாங்கி எஞ்சியவற்றை எண்ணுவதாகவும், இங்கே வந்து சேர்ந்தவற்றை எண்ணுவதாகவும் அமைகிறது.

இந்தியாவில் 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ், கண்டவர் குறிப்புகளுக்கும் இடமளித்தது. சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ 1941இல் வெளிவந்தபின், தோல் இல்லாமலே இனங்காணும் திறன் பலர்க்கும் வாய்த்தது. 1960 அளவில் ஜாபர் புத்தேஅலி தொடங்கிய பறவை நோக்குவோர்க்கான செய்தியிதழ், தொழில்முறை ஆய்வாளர் அல்லாதாரின் சிறு குறிப்புகளையே உயிராகக் கொண்டது. தமிழ்ச் சூழலில் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் ஆங்கிலத்தில் நெடுங்காலம் பத்தி எழுதியதோடு தமிழிலும் இயற்கை குறித்து எழுதினார்.

இதே காலத்தில் மற்றொரு சான்றும் சேர்ந்தது. பறவைகளின் காலில் வளையமிட்டு விடுவிக்கும் திட்டத்தை அக்கழகம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு மேற்கொண்டது. 1957இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்னும் ஐயமே அதற்குத் தூண்டுதல். 1967இல் சரணாலயமான கோடியக்கரை, வளையமிடும் பணியின் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று. வலசை ஆய்வுக்கு வழிதிறந்ததில் நோயச்சத்துக்கும் பங்குண்டு.

இன்மையை எழுதுதல்

1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஒரே நீர்நிலையை ஒரே பருவத்தில் மீளமீளக் காணும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. 2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஈபேர்ட்’ தளம் வேறொரு வினாவை முன்வைத்தது: கண்டும் கேட்டும் இனங்கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதினீரா? ‘ஆம்’ என்று விடையளிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத பறவை, அந்நேரத்தில் அங்கே கண்டறியப்படாத பறவை. தேடிய நேரமும் உடன் பதிவாவதால் இன்மையும் ஓரளவு சான்றாகிறது. ஹியூமின் பெருந்தொகுப்பு தரவியலாத செய்தி இது. தமிழகத்தில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டுக் கொல்லையிலோ கண்மாய்க் கரையிலோ 15 நிமிடம் நின்று எழுதிய பட்டியலும் ஏற்கப்படுகிறது. ஊர்விழாவை ஒட்டி இதனை அமைத்தது நல்ல தேர்வு; விடுமுறைக்கு ஊர் திரும்புவோர், நகரத்தார் செல்லாத குளங்களையும் பதிவுக்குள் கொணர்கின்றனர்.

இப்பட்டியல்களின் பெருக்கம் 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையில் புலப்படுகிறது. ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்கள் மதிப்பிடப்பட்டன. பனங்காடை போன்ற எளிதில் காணத்தக்க பறவையின் நிலையையும் மறுமதிப்பீடு செய்யுமாறு அது பரிந்துரைத்தது. ஆனால் நெடுங்காலப் போக்கைக் கணிக்க 2000க்கு முற்பட்ட பதிவுகள் வேண்டும். அக்காலப் பட்டியல்கள் மிகக் குறைவு; பின்னர்த் தளத்தில் ஏற்றப்பட்ட பழங்குறிப்பேடுகள் அங்கே பெருமதிப்புப் பெறுகின்றன.

தமிழில் எழுதப்பட்ட குறிப்பேடுகளைப் பயன்படுத்துவதில் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. ‘உள்ளான்’ என்னும் ஊர்ப்பெயர், ஆங்கிலப் பட்டியல் தனித்தனியே பிரிக்கும் பல கரைப்பறவை இனங்களைத் தழுவியது. அதனை ஓர் இனத்துக்கு நேர்ப்படுத்தினால் பதிவு பொய்யாகும். பயனற்றதென்று விலக்கினால், ஏரியின் பெயரும் நாளும் எண்ணிக்கையும் உடன் இழக்கப்படும். சேற்றுக்கரை வற்றியதையும் நீர்மட்டம் உயர்ந்ததையும் அறிய, இனம் பிரியாத ‘உள்ளான் 200’ என்னும் குறிப்பும் உதவும். அதனைக் குழுநிலைப் பதிவாக, எழுதியவரின் சொல்லை மாற்றாமல், எழுதிய நாளோடும் ஏரிப்பெயரோடும் பதிப்பிப்பதே தக்க முறை.