அமைதி என்பது ஓசையின்மையா? கரோல் பாக்கிலிருந்து ஒரு கிறிஸ்து பிறப்புக்காலக் குறிப்பு

தமிழில் எழுதும்போது 'கரோல் பாக்' என்னும் தில்லிப் பகுதியின் முதற்சொல்லும், கிறிஸ்து பிறப்புக் கீதத்தைக் குறிக்கும் 'கரோல்' என்னும் சொல்லும் எழுத்தளவில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் சொற்பிறப்பு உறவு ஏதுமில்லை. ஆயினும் டிசம்பர் மாதத்தில் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணத் தூண்டும் கேள்வி ஒன்று உண்டு. அஜ்மல் கான் சாலையின் துணிக்கடை நெரிசலுக்கும், பேங்க் தெருவின் நகை வணிகத்துக்கும், கஃபார் சந்தையின் கைப்பேசிக் கடைகளுக்கும் நடுவே, அவ்விழா அறிவிக்கும் 'அமைதி'க்குப் பொருள் என்ன? சந்தடியை விட்டு விலகினால்தான் அது கிட்டுமா?

விலகியிருத்தல் திருச்சபையின் பழைய வழிகளுள் ஒன்றே. 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பை விதித்தார். இன்று 'திருவருகைக் காலம்' எனப்படும் நான்கு வாரங்களின் முன்வரலாற்றில் இந்நோன்புக்கு இடமுண்டு. வாங்கிக் குவிக்கும் பருவமாக இன்று நாம் அறியும் நாட்கள், ஒருகாலத்தில் குறைத்துக்கொள்ளும் பருவமாக இருந்தன. ஆனால் நோன்பு ஓர் ஆயத்தம் மட்டுமே. எதற்கான ஆயத்தம் என்பதை அறிய, லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்துக்குச் செல்ல வேண்டும்.

அங்கே வானதூதர் அறிவிக்கும் கிரேக்கச் சொல் 'எயிரேனே'. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவு செய்த தமிழ் வேதாகமம் அதனைச் 'சமாதானம்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அமைதி' என்றது. இம்மாற்றத்தை வடசொல் நீக்கம் என்று மட்டும் கருதிக் கடந்துவிடலாகாது. 'சமாதானம்' என்பதன் வேர்ப்பொருள் ஒன்றுசேர்த்து வைத்தல். பிணங்கிய இருவர் இணங்குவதும், தருக்க நூல்களில் தடைக்குக் கூறும் விடையும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். அஃது உறவைச் சுட்டும் சொல். 'அமைதி'யோ இன்றைய வழக்கில் ஓசையின்மையைச் சுட்டுகிறது. வகுப்பறையில் 'அமைதி!' என்று ஆசிரியர் கூறும்போது எவரும் எவரோடும் இணங்க வேண்டியதில்லை. வாய் மூடினால் போதும். 'எயிரேனே'யின் பின்னணியிலுள்ள எபிரேயச் சொல்லான 'ஷாலோம்' முழுமையைக் குறிப்பது. கடனைத் திரும்பச் செலுத்துதலுக்கான வினையும் அவ்வேரிலிருந்தே பிறக்கிறது.

லூக்கா காட்டும் களமும் ஓசையற்ற களமன்று. அகுஸ்து சீசரின் கட்டளையால் மக்கள் குடிமதிப்புக்காகப் பெயர்கின்றனர். இக்குடிமதிப்பின் காலம் குறித்த சிக்கல் வரலாற்றாய்வில் இன்றும் தீரவில்லை: ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பான்மைக் கருத்து. குவிரினியுவின் குடிமதிப்போ கி.பி. 6இல் நிகழ்ந்தது. ஆயின் லூக்கா நிறுவும் முரண் தெளிவானது. கி.மு. 9இல் உரோமையில் அகுஸ்துவின் 'அமைதிப் பலிபீடம்' அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டைச் சேர்ந்த பிரியேனே கல்வெட்டு, அவருடைய பிறந்தநாளை நற்செய்தியின் தொடக்கமாகப் போற்றுகிறது. பிறப்பு, நற்செய்தி, அமைதி என்னும் மூன்று சொற்களும் அரசனுக்கு உரியனவாக வழங்கிய காலத்தில், தங்க இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தைக்கு அவற்றை உரிமையாக்குகிறார் லூக்கா. பேரரசின் அமைதி கட்டளையிட்டு மக்களைப் பெயர்க்கிறது. லூக்காவின் அமைதி, பெயர்க்கப்பட்டவர்களிடையே பிறக்கிறது.

கரோல் பாக்கின் வரலாற்றை இவ்விடத்தில் வைத்துப் படிக்கலாம். 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எழுந்த புதுதில்லிக்காக மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய ஊர்களின் மக்கள் பெயர்க்கப்பட்டனர். 1920களில் அவர்கள் வந்து சேர்ந்த இடம், அன்று பாறையும் புதருமாயிருந்த கரோல் பாக். நடுவண் அரசுப் பணிக்காக வந்த தமிழர் பலரும் பின்னர் இங்குக் குடியேறினர். பூசா சாலையிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி அவ்வரலாற்றின் எச்சம். 1947இல் இப்பகுதியின் முஸ்லிம்கள் பெருந்தொகையினர் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். மேற்குப் பஞ்சாபிலிருந்து ஏதிலிகள் வந்தனர். அவர்கள் கட்டியெழுப்பிய வணிகமே இன்றைய சந்தடியின் முதன்மை ஊற்று. ஆகவே, நாம் இரைச்சல் என்று ஒதுக்க விரும்புவது, இடமிழந்தோர் இடம் தேடிக்கொண்டதன் ஓசையும் ஆகும். ஒருவர் பெற்ற இடம் மற்றொருவர் இழந்த இடமாயிருந்தது என்னும் கசப்பும் அவ்வோசையில் உண்டு. இவ்வரலாற்றை மறந்த பின் வாய்க்கும் அமைதி பலிபீடத்து அமைதியே; தொழுவத்து அமைதியன்று.

எனின், 'அமைதி' தவறான மொழிபெயர்ப்பா? அவ்வாறு கருத வேண்டியதில்லை. 'அமை' என்னும் வேருக்குப் பொருந்துதல், இடங்கொள்ளுதல் என்பனவும் பொருள். இலக்கண மாணவர் 'வழுவமைதி' என்னும் கலைச்சொல்லை அறிவர். விதிப்படி பிழையாகும் ஒன்றை, தக்க காரணம் பற்றி ஏற்று இடமளிப்பதே வழுவமைதி. உவப்பின் காரணமாகப் பசுவை 'அம்மை' என அழைத்தால், அஃறிணை உயர்திணையாகிறது. இலக்கணம் அதனைத் தள்ளுவதில்லை. இங்கே 'அமைதி' வாயடைத்தல் அன்று. வரம்புக்கு வெளியே நிற்பதை அன்பால் உள்ளே அமைத்துக்கொள்ளுதல். மாட்டுத்தொட்டியில் மனுமகனைக் காணும் விழாவுக்கு இதனினும் பொருத்தமான சொல் அரிது.

இப்பொருளில் கொண்டால், டிசம்பர்ச் சந்தடிக்கும் கிறிஸ்தவ அமைதிக்கும் பகையில்லை. அமைதியை நாடுவோர் கரோல் பாக்கை விட்டு வெளியேற வேண்டியதில்லை. நடைபாதையில் விரித்த சரக்கை எப்போது அள்ள நேருமோ என்று அஞ்சும் வணிகர், குளிரில் கூரையின்றி உறங்குபவர், வாடகைக்கு வீடு கேட்கும்போது பெயரையும் ஊரையும் விசாரித்துத் திருப்பி அனுப்பப்படுபவர் ஆகிய இவர்களுக்கு நம் திட்டத்திலும் மேசையிலும் இடம் உண்டா என்னும் வினாவே போதிய ஆயத்தம். நோன்பும் மௌனமும் அவ்வினாவைக் கேட்கச் செய்யும் அளவிலேயே பயன் தருவன.

அனைவர்க்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள்.