மாதிரி விமானக் கலை: முறிவும் மீட்சியும்

பெரியதொன்றைப் படைக்க விரும்பும் மனிதன் அதனை முதலிற் சிறிய அளவிற் செய்து பார்ப்பது பழைய வழக்கம். விமானத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கத்திற்கு விசித்திரமானதொரு வரலாறு உண்டு. மனிதனைச் சுமந்து செல்லும் விமானம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மாதிரி விமானம் பறந்துவிட்டது. விமானம் தோன்றிய பின்னரோ, மாதிரி அதனைப் பின்தொடரும் நிழலாயிற்று. இம்மாதிரிகளைச் செய்வோரிடையே ஒரு பொதுப் பண்பினைக் காணலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிற் தொடங்குவர். சில ஆண்டுகளிற் கைவிடுவர். பத்தோ முப்பதோ ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே மேசைக்கு வருவர். இவ்விடைவெளிக்குக் காரணம் கேட்டாற் பரீட்சை, உத்தியோகம், குடும்பம் என்பர். அவை மெய்யே. எனினும் இத்தகைய இடைவெளிகள் பலவற்றை, சிறப்பாக இலங்கையில், தனிமனிதர் வாழ்க்கையிலும் பார்க்க நாட்டின் வரலாறே உண்டாக்கியது என்பது எனது கருத்து. மீண்டு வருபவர் தாம் விட்டுச்சென்ற அதே கலைக்கு மீள்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

புட்பக விமானத்தைக் காட்டி விமானம் நம்மவர் கண்டதே என நிறுவ முற்படுவோர் உளர். அது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை இங்கு நினையாதிருத்தல் இயலாது. சச்சந்தன் கம்மியனைக் கொண்டு அதனைச் செய்விக்கிறான். விசயை அதனை இயக்கப் பழகுகிறாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொள்ள, கருவுற்ற அரசியைச் சுமந்து சென்ற பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. திருத்தக்கதேவர் பறக்கும் பொறியைப் போரோடு சேர்த்தே கற்பனை செய்தார். இவ்விணைப்பைப் பின்னரும் சந்திப்போம்.

1871ஆம் ஆண்டு ஆகஸ்து மாதம் 18ஆந் திகதி, பாரிஸ் நகரத்துத் துயிலெறிப் பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர் முறுக்கிய றப்பர்ப் பட்டியால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறக்குறைய 40 மீற்றர் தூரம் சென்றது. நிலைதளும்பாது தானே பறந்த அப்பொம்மையிலிருந்து பிற்காலத்தவர் கற்றது அதிகம். பெனோ செய்த மற்றொரு பொம்மையின் வழிவந்த, மேலெழுந்து பறக்கும் சிறு பொறியொன்றை 1878இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் மைந்தர் இருவருக்கு வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், கடதாசி ஆகியவற்றாலான அப்பொறி உடைந்ததும் சிறுவர் அதனைப் பார்த்துப் புதியன செய்தனர். பெரிதாகச் செய்தபோது அவை சரிவரப் பறக்கவில்லை. சிறுவரும் வேறு வேலைகளை நாடினர். அச்சகம் நடத்தினர், துவிச்சக்கர வண்டி செய்தனர். 1896இல் ஜேர்மானியரான லிலியந்தால் தம் மிதவை விமானத்திலிருந்து வீழ்ந்து இறந்த செய்தி அவர்தம் பழைய ஆர்வத்தைக் கிளறிற்று. 1899இல் ஐந்தடி அகலமுள்ள இரட்டைச் சிறகுப் பட்டமொன்றைச் செய்து, சிறகை முறுக்கினால் என்ன நிகழுமெனச் சோதித்தனர். நான்கு ஆண்டுகளின் பின், 1903 டிசெம்பர் 17இல், அவர்களது விமானம் கிற்றி ஹோக்கில் எழுந்தது. வில்பர் ரைற், ஓவில் ரைற் ஆகிய அவ்விருவரையும் உலகம் விமானத்தைக் கண்டோர் எனப் போற்றுகின்றது. நீண்ட இடைவெளியின் பின் மாதிரிக்கு மீண்டோர் வரிசையிலும் அவர்களுக்கே முதலிடம் தரலாம்.

1903இன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. பறப்பதற்கான மாதிரி ஒரு பிரிவாகவும், உண்மை விமானத்தின் உருவத்தை அளவு பிசகாது காட்டும் மாதிரி மற்றொரு பிரிவாகவும் வளர்ந்தன. நாம் நோக்குவது பின்னதனையே. 1930களிற் பிரித்தானியாவில் ஸ்கைபேட்ஸ் என்னும் பெயருடன் விற்பனையான மரத்துண்டுப் பெட்டிகள் 72இல் ஒன்று என்னும் அளவைப் பரப்பின. ஆறடி மனிதன் இவ்வளவில் ஓரங்குலம் ஆவான். அடி, அங்குலக் கணக்குப் பழகிய பிரித்தானியருக்கு இதனிலும் இலகுவான கணக்கு வேறில்லை. 1936இல் பிறொக் நிறுவனம் இதே அளவிற் பிளாஸ்ரிக் பெட்டிகளை வெளியிட்டு, அவற்றிற்குப் ‘பென்குவின்’ எனப் பெயரிட்டது. பறக்காத பறவையின் பெயர் பறக்காத விமானத்திற்குப் பொருத்தமே. ஆனால் அக்காலத்துச் செலுலோசு அசற்றேற்றுப் பிளாஸ்ரிக் நாளடைவில் முறுகி வளையும் இயல்புடையது.

இரண்டாம் உலக மகாயுத்தம் இப்பொழுதுபோக்கைப் படைத் தேவையாக்கியது. வானத்தில் தெரியும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என ஒரு கணத்தில் அறியாவிடில் உயிர் போகும். 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, ஐம்பது வகை விமானங்களின் மாதிரிகள் ஐந்து இலட்சத்தைச் செய்து தருமாறு நாட்டின் பாடசாலை மாணவரைக் கேட்டது. அளவு 72இல் ஒன்று, நிறம் கறுப்பு. வானத்திற் காண்பது நிழலுருவே ஆதலால் வேறு நிறம் வேண்டியதில்லை. சிறுவர் செதுக்கிய அம்மரத்துண்டுகளைக் கொண்டு படையினர் விமானங்களை இனங்காணப் பயின்றனர். குழந்தையின் கைவேலை நேரடியாகப் போர்க்கருவியாகிய இந்நிகழ்ச்சியை மாதிரிக்கலை பற்றிய நூல்கள் பெருமையோடு கூறும். எனக்கு அது பெருமையாக மட்டும் தோன்றவில்லை.

போரின் பின் பொலிஸ்ரைறீன் பிளாஸ்ரிக் வந்தது. 1939இல் ஹங்கேரியரான நிக்கலஸ் கோவ் தொடங்கிய எயார்பிக்ஸ் நிறுவனம் 1950களில் ஸ்பிற்பயர் விமானத்தின் சிறு மாதிரியை இரண்டு சிலிங்குக்கு விற்றது. மரம் செதுக்கும் திறன் இனித் தேவையில்லை; கத்தியும் பசையும் இருந்தாற் போதும். பிரித்தானியப் பொருள்கள் தாராளமாக வந்திறங்கிய இலங்கையிலும் நகர்ப்புறச் சிறுவர் சிலர் இக்கலையைப் பழகினர். ஆனால் 1960களின் தொடக்கம் முதல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரை அவ்விறுக்கம் உச்சத்தை அடைந்தது. அரிசிக்கும் மாவுக்கும் கூப்பன் வரிசையில் நின்ற நாட்டிற் பொம்மை விமானத்திற்குச் செலாவணி கேட்பார் யார்? அக்கொள்கையின் நன்மை தீமைகளைப் பொருளியல் மாணவர் ஆராய்வாராக. அன்று பத்து வயதினராயிருந்த ஒருவருக்கு ஏழாண்டு இறக்குமதித் தடை என்பது, ஒரு பிள்ளைப்பருவம் முழுவதும் என்பதை மட்டும் இங்குக் குறிப்பிடலாம்.

வாங்குவோர் பக்கத்தில் இவ்வாறெனில், செய்வோர் பக்கத்திலும் முறிவுகள் நேர்ந்தன. 1970களின் நடுப்பகுதியிற் பிறொக் நிறுவனம் முடிவுக்கு வந்தபோது அதன் வார்ப்பு அச்சுகள் சோவியத் ஒன்றியத்திற்குச் சென்றன. ஆனால் ஜேர்மனி, யப்பான் முதலிய அச்சு நாட்டு விமானங்களின் வார்ப்புகளைச் சோவியத் தரப்பினர் ஏற்கவில்லை. அவை றெவெல் நிறுவனத்தின் கைக்குப் போயின. போர் முடிந்து முப்பது ஆண்டுகளின் பின்னரும் ஒரு சாண் நீளப் பிளாஸ்ரிக் விமானத்திற்குப் பகைமை இருந்தது! எயார்பிக்ஸ் 1981இல் நொடித்து, பலிற்றோய், ஹம்புறோல் ஆகியவற்றின் கைமாறி, 2006இல் ஹோன்பி நிறுவனத்திடம் சேர்ந்தது.

இலங்கையில் 1977இல் கதவு திறக்கப்பட்டது. தென்னிலங்கையிற் பழைய ஆர்வலர் மீளவும் வழி பிறந்தது. வடக்கிலோ சில ஆண்டுகளிற் போர் மூண்டது. 1990இலிருந்து மின்கலமும் எரிபொருளும் கூடத் தடைப்பட்ட பொருளாயின. ஒரே நாட்டில் ஒரே கலைக்கு இருவேறு காலக்கணக்குகள் எழுந்தமை இவ்வாறே. 2022இல் செலாவணி நெருக்கடி மீண்டும் வந்து, அத்தியாவசியமற்றவை எனக் கருதப்பட்ட பல பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்காகக் கைவிட்ட மாதிரி வேலையை நான் மீண்டும் தொடங்க எண்ணியதும் அவ்வாண்டிலேயே. புதிதாக எதுவும் வாங்க இயலாமையால், பாதியிற் கிடந்த ஹரிக்கேன் ஒன்றையே பெட்டியிலிருந்து எடுக்க நேர்ந்தது. பசை இறுகிப்போயிருந்தது, நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் மஞ்சளித்திருந்தன. அவற்றைச் சில நாள் யன்னற் கண்ணாடியில் வெயில்பட ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்பது பழைய ஆர்வலர் கையாளும் உபாயம். இன்று நான் தங்கியிருக்கும் கெலிஓயாவில், மகாவலிப் பள்ளத்தாக்கின் மழைமாதங்களில், அவ்வெயிலுக்கே காத்திருக்கவேண்டும். வர்ணமும் ஈரக்காற்றிற் பூத்து வெளிறும்.

மீண்டு வருபவர் முதலிற் காண்பது கருவிகளின் மாற்றத்தை. பழைய பெட்டிகளில் தகட்டுப் பொருத்துக்கோடுகள் மேடாக எழுந்து நிற்கும். புதியனவற்றில் அவை நுண்ணிய பள்ளங்களாக இருக்கும். கணினியில் வரைந்து வெட்டப்பட்ட அச்சுகளிலிருந்து வரும் துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. இவை வியப்பிற்குரியனவே. ஆயினும் பெரிய மாற்றம் செய்பவரின் கண்ணில் நிகழ்கின்றது. பன்னிரண்டு வயதிற் பெட்டியின் மேற்படத்தைப் பார்த்து நிறம் தீட்டினேன். இப்பொழுது, அந்நிறத்திற்குச் சான்று என்ன என்ற கேள்வி எழுகின்றது. வரலாற்று மாணவனுக்கு இது பழகிய கேள்வி.

1942 ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல்நாள் கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா கடல்விமானத்தில் இருந்த கனேடியரான பேர்ச்சல் பகைக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். இரத்மலானையிலிருந்து 30ஆம் அணியினரும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைந்த ஓடுபாதையிலிருந்து 258ஆம் அணியினரும் ஹரிக்கேன் விமானங்களில் எழுந்து எதிர்த்தனர். இவ்விமானங்களுள் ஒன்றைச் செய்பவர் அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைத் தேடுவர். அங்கே ஒரு பொறி உண்டு. ஓதோக்குறோமாற்றிக் எனப்படும் பழைய படச்சுருள் சிவப்பையும் மஞ்சளையும் கருமையாகக் காட்டும். விமானச் சின்னத்தைச் சூழ்ந்த மஞ்சள் வளையம் படத்திற் கரிய வளையமாகத் தோன்றும். இதனை அறியாதவர் வளையத்தின் நிறத்தையே பிழைபடத் தீட்டுவர். எதிரணியின் சீரோ விமானமும் இவ்வாறே. அதன் தொடக்ககால நிறம் வெறும் சாம்பலா, பசுமையும் பழுப்பும் கலந்த சாம்பலா என்பது பற்றி ஆர்வலர் பல்லாண்டுகளாக வாதிடுகின்றனர். எஞ்சிய தகட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினால், அவை காலத்தால் நிறம் மாறியவை என எதிர்வாதம் வரும். கல்வெட்டின் ஓரெழுத்துக்காகப் பேராசிரியர் இருவர் மோதுவதைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

நிறத்திற்கும் அரசியலுக்குமுள்ள தொடர்பை அறிய நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. பிரித்தானிய விமானச் சின்னத்தின் நடுவில் இருந்தது சிவப்பு வட்டம். யப்பானியரின் சின்னமும் சிவப்பு வட்டமே. தூரத்திலிருந்து ஒன்றை மற்றதாகக் கருதிச் சுட்டுவிடும் அபாயம் கருதி, இந்திய, பர்மியப் போர்முனை விமானங்களில் 1943 முதற் சிவப்பு நீக்கப்பட்டு நீலமும் வெளிர்நீலமும் மட்டும் தீட்டப்பட்டன. அம்முனையின் போரை நடாத்திய தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்ரிலில் டெல்கியிலிருந்து பேராதனைக்கு மாறி, தாவரவியற் பூங்காவில் அமைந்தது. மவுண்ட்பற்றன் பிரபு அங்கிருந்தே பணியாற்றினார். கெலிஓயாவிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு நாம் நாள்தோறும் வரும் வழியின் அருகேயுள்ள அப்பூங்காவில் இதனை நினைப்பார் அரியர். சிவப்பற்ற அந்நீல வட்டத்தைத் தேடிப்பிடித்து ஒட்டும் மாதிரிக்காரர் அறியாமலே நம்மூர் வரலாற்றைத் தொடுகின்றார்.

இனி, தமிழ் மாணவன் ஒருவன் தவிர்க்கவொண்ணாத பகுதிக்கு வருவோம். என்னுடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் வடமராட்சி நண்பர் ஹரிக்கேனை ஆர்வத்தோடு பார்த்தார். அடுத்து இலங்கை விமானப்படையின் விமானமொன்றைச் செய்யலாமா என நான் கேட்டபோது அவர் பதில் கூறவில்லை. சற்றுப் பொறுத்து, தம் தாயார் விமானங்களைக் காதால் அறிந்த விதத்தைச் சொன்னார். 1985இல் விமானப்படைக்கு வந்த இத்தாலியச் சியாய் மார்க்கெற்றி, வடக்கு மக்கள் வாயிற் ‘சியாமாசெட்டி’ ஆயிற்று. இத்தாலியர் செட்டியாரான கதை இது. மெதுவாகச் சுற்றிவந்து குண்டு தள்ளும் போக்குவரத்து விமானம் ‘சகடை’ எனப்பட்டது. 1996இல் வந்த கிபிர் ஒலியைவிட விரைவானது. அமெரிக்கச் சிறுவர் 1942இல் மரத்திற் செதுக்கிக் கற்றுக்கொடுத்த பாடத்தை, இங்குள்ள சிறுவர் பதுங்குகுழி வாயிலில் நின்று எவ்வித மாதிரியுமின்றிக் கற்றனர். அது உருவப் பாடமன்று, ஓசைப் பாடம்.

கிபிரின் மாதிரிப் பெட்டிகள் உலகச் சந்தையில் உண்டு. அவற்றைச் செய்யலாகாது என்பது என் வாதமன்று. அருங்காட்சிச் சாலையில் வாளை வைப்பவர் கொலையைப் போற்றுவதாகப் பொருளில்லை. ஆனால் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானமோ, 72இல் ஒன்றாகச் சுருங்கிய அதன் பிளாஸ்ரிக் உருவமோ, நண்பரின் தாயார் அறிந்த விமானத்தைக் காட்டமாட்டா. நிறத்தின் ஒரு சாயலுக்காக இருபது ஆண்டு வாதிடும் கலை, ஓசைக்கு அளவுகோல் எதனையும் கொண்டிருக்கவில்லை. கிபிரை வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

வடமராட்சியில் மாதிரி விமானமே இல்லை எனக் கொள்ளலாகாது. வல்வெட்டித்துறையிற் போருக்குப் பின் தைப்பொங்கல் தோறும் நடைபெறும் பட்டத் திருவிழாவிற் கப்பல், பறவை, விமானம் எனப் பல உருவங்களில் மூங்கிலும் கடதாசியும் கொண்டு கட்டிய பட்டங்கள் கடற்கரையில் ஏறுகின்றன. பெனோவின் காலத்துப் பொருள்களே இவை. பெட்டியும் இல்லை, செலாவணியும் வேண்டியதில்லை. அப்பகுதியார் பட்டத்திற்கு ‘விண்’ பூட்டுவர். இழுத்துக் கட்டிய மெல்லிய நார் காற்றில் அதிர்ந்து ஒலியெழுப்பும். நல்ல காற்று வீசும் மாதங்களிற் பட்டத்தை மரத்திற் கட்டிவிட்டு வீட்டார் உறங்கப் போவர். அது விடியும்வரை மேலே கூவிக்கொண்டிருக்கும்.