ஃபாஸ்ட்நெட் புயலும் பாய்மரப் படகின் அமைப்பும்

நெடுங்கடலிற் செல்லும் பாய்மரப் படகைக் காப்பன இரண்டு. ஒன்று, செலுத்துவோர் திறன்; மற்றொன்று, படகின் அமைப்பு. முன்னதைப் பற்றி வரலாறு நிரம்பப் பேசுகின்றது. பின்னதன் அருமையை 1979ஆம் ஆண்டு நேர்ந்த பேரிடர் ஒன்றே உலகுக்கு நன்கு உணர்த்திற்று.

ஃபாஸ்ட்நெட் போட்டி 1925இல் ஏழு படகுகளுடன் தொடங்கியது. 1979இல் அதன் வழி, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவின் கவ்ஸ் துறையிற் புறப்பட்டு, அயர்லாந்தின் தெற்கேயுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிப் பிளிமத் துறையை அடைவதாகும். தொலைவு ஏறத்தாழ 605 கடல் மைல்.

பெரிய படகும் சிறிய படகும் ஒரே போட்டியில் ஓடும்போது வெற்றியை முடிவு செய்வது எங்ஙனம்? நீளம், அகலம், ஆழம், பாய்ப்பரப்பு முதலியவற்றை அளந்து ஒவ்வொரு படகுக்கும் ஓர் அளவெண் தருவர். ஓடிய நேரத்தை அவ்வெண்ணைக் கொண்டு திருத்திக் கணக்கிடுவர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே வழங்கிய விதிகளை இணைத்து, 1970ஐ ஒட்டிப் பன்னாட்டு விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கம் நடுவுநிலைமையே. ஆயினும், விதி எதனை அளக்கின்றதோ அதற்கேற்பவே படகும் வடிவெடுக்கலாயிற்று. அளவெண்ணில் ஆதாயம் தேடிய வடிவமைப்பாளர்கள் எடை குறைந்த, அகலம் மிகுந்த படகுகளைச் சமைத்தனர்.

அகன்ற படகு இயல்பான காற்றில் எளிதிற் சாயாது. ஆனால் முற்றிலும் கவிழ்ந்துவிடின், அதே அகலம் அதனைத் தலைகீழாகவே நிலைநிறுத்தப் பார்க்கும். ஒடுங்கிய உடலும் அடியிற் கனத்த பாரமும் உடைய படகோ விரைவில் நிமிரும்.

1979 ஆகஸ்டு 11ஆம் நாள் 303 படகுகள் புறப்பட்டன. 13ஆம் நாள் இரவு, போஃபர்ட் அளவில் பத்தை எட்டிய புயல் அவற்றைத் தாக்கியது. போட்டியை முடித்தவை 85 மட்டுமே. பந்தயத்தில் கலந்துகொண்டோருள் 15 பேர் உயிர் நீத்தனர். மிகச்சிறிய படகுகளின் வகுப்பில் ஓட்டத்தை முடித்தது ‘அசென்ட்’ ஒன்றே. அது கொன்டெஸ்ஸா 32 என்னும் வகையைச் சேர்ந்த, ஒடுங்கிய உடலும் கனத்த அடிப்பாரமும் கொண்ட படகு என்பது நோக்கத்தக்கது.

அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த விசாரணை அறிக்கை பல உண்மைகளைப் புலப்படுத்தியது. விடையளித்த படகுகளில் ஏறக்குறையப் பாதி, பாய்மரம் நீரைத் தொடுமளவு சாய்ந்தன. மூன்றில் ஒரு பங்கு அதற்கும் அப்பாற் புரண்டன. சில படகுகளில் கரிநாராற் செய்த சுக்கான்கள் முறிந்தன. சிலரைப் படகோடு பிணித்த பாதுகாப்பு வார்கள் அறுந்தன. படகு கவிழ்ந்தபோது அறைவாயிலை அடைக்கும் பலகைகள் கழன்று வீழ, நீர் உட்புகுந்தது.

எல்லாவற்றினும் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. குழுவினர் கைவிட்ட படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. எஞ்சிய 19 படகுகள் பின்னர் மிதந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டன. இறந்த 15 பேருள் எழுவரின் சாவு உயிர்காப்பு மிதவைகளோடு தொடர்புடையது. புகலிடம் என நம்பிய மிதவை கவிழ்ந்தும் கிழிந்தும் போக, ஆபத்து என விட்டகன்ற படகு மிதந்துகொண்டிருந்தது!

பின்னர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாதிரிப் படகுகளைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்ந்தன. உடையும் பேரலை பக்கவாட்டில் மோதின் எவ்வகைப் படகும் கவிழலாம் என்பது தெளிவாயிற்று. படகுகளிடையே வேற்றுமை, கவிழ்ந்தபின் நிமிரும் ஆற்றலிலேயே பெரிதும் உள்ளது. மேலே தூக்கிய பாரமாகத் தோன்றும் பாய்மரமும் புரளுதலைத் தடுக்க உதவுகின்றது. அது முறிந்தபின் படகு முன்னிலும் எளிதிற் கவிழும்.

இதன் பயனாக, எத்தனை பாகை சாய்ந்தும் படகு மீள நிமிரும் என்னும் எல்லை விதிகளில் இடம்பெற்றது. வார், மிதவை, வாயிற்பலகை, வானொலி ஆகியன பற்றிய கட்டளைகளும் கடுமையாயின. எனினும் கடல் அடங்கிவிடவில்லை. 1998இல் சிட்னியிலிருந்து ஹோபார்ட் சென்ற போட்டியில் அறுவர் மாண்டனர். புறப்பட்ட 115 படகுகளுள் 44 மட்டுமே கரை சேர்ந்து ஓட்டத்தை முடித்தன. அதன்பின் குழுவினர்க்குரிய பாதுகாப்புப் பயிற்சியும் வலியுறுத்தப்பட்டது.

வேகத்தை மட்டும் அளக்கும் விதி, வேகத்துக்குரிய படகையே படைக்கும். உயிரையும் எண்ணி அளக்கும் விதியே மீண்டு வரும் படகைப் படைக்கும். இவ்வுண்மையை அறிய 15 உயிர்கள் விலையாயின.